நெல்லுக்கு ஒதுங்கும் வண்டிகள்

“வாற வெள்ளிக்கிழமை எங்கட றோட்டுக்குப் பரீட்சை. நீ வந்து பக்கத்தில நிக்க வேணும்” என்று மலர் போனில் சொன்னாள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடல் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சாலைக்காகப் போகிற முதல் ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.

மலரும் நானும் திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவள் குடும்பம் அப்போது அகதிகளாக வந்து எங்கள் ஊர்ப்பக்கம் தங்கியிருந்தது. அமைதி வந்துவிட்டது என்று நம்பி வன்னிக்குத் திரும்பிப் போனாள். போரின் கடைசியில் இரண்டு கால்களையும் இழந்தாள். அதைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை. மற்ற நேரமெல்லாம் பேச்சு பிளவுஸ், அரசியல், கத்தரிக்காய் என்றுதான் போகும். இப்போது அக்கராயன் பக்கத்தில் ஒரு சந்தியில் தையல் கடை வைத்திருக்கிறாள். சந்தியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே நடந்த காரியம் சட்டப்படி சரிதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

விசா, விமானம் எல்லாம் அலுப்புக் கதை. அவள் கேட்டிருந்த ஜரிகை லேஸும் கொக்கிகளும் அடைத்த பையோடு வவுனியாவில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. டிரைவரும் கண்டக்டரும் சிங்களத்தில் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஓமந்தை தாண்டியதும் சத்தம் கூடியது. கைகலப்பு ஆகிவிடுமோ என்று பயந்து, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“நேற்று நான்தானே கற்பூரம் வாங்கினன், இண்டைக்கு உன்ர முறை எண்டு டிரைவர் சொல்லுறார். மற்றவர் இல்லையாம், நேற்றும் தான்தானாம்.”

முறிகண்டிப் பிள்ளையாருக்கான கற்பூரம் அது. அந்த வழியில் போகிற எந்த வண்டியும் அவரிடம் நின்று சொல்லிவிட்டுத்தான் போகுமாம். எங்கள் பஸ்ஸும் நின்றது. சண்டைக்காரர்கள் இருவரும் ஒன்றாக இறங்கி, ஒன்றாகக் கும்பிட்டு, ஆளுக்கொரு பொட்டலம் கச்சானோடு சமாதானமாகத் திரும்பினார்கள். நானும் அங்கேயே இறங்கிக் கச்சான் வாங்கினேன். நம்மூர் வேர்க்கடலைதான். மணலில் வறுத்த சூட்டோடு தின்றால் நிறுத்த முடியவில்லை.

அங்கிருந்து ஓட்டோ. இரண்டு பக்கமும் வயல்கள், பாதி அறுத்தும் பாதி அறுக்காமலும் கிடந்தன. ஊர்ந்து போகும் ஓர் அறுவடை மெஷினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அது ஒரு வழியாக வயலுக்குள் திரும்பியபோது எதிரே தார்ச்சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறு பாதியில் ஒரு டிராக்டர் வந்தது. எங்கள் டிரைவர் நிற்கவும் இல்லை, நெல்லில் ஏற்றவும் இல்லை. ஓட்டோவைப் பேசாமல் சேற்றில் இறக்கினார். அது அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

டிராக்டர்காரர் இறங்கி வர, மூன்று பேருமாகத் தள்ளினோம். என் செருப்பு ஒன்று சேற்றோடு போய் மிகுந்த சிரமத்துக்குப் பிறகு திரும்பி வந்தது.

“ஓரமாக ஒரு சக்கரம் நெல்லில் ஏறினால்தான் என்ன?” என்று எரிச்சலோடு கேட்டேன்.

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சோத்தில ஏத்தச் சொல்லுறியளோ அம்மா?”

செருப்புச் சேற்றைத் துடைத்துக்கொண்டே சந்திக்கு வந்து சேர்ந்தேன்.

ஓட்டோ என்னைச் சந்தைப் பக்கம் இறக்கிவிட்டது. சந்தை, பஸ் தரிப்பிடம், சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடை, தேத்தண்ணிக் கடை எல்லாம் அந்தப் பக்கம். மலரின் கடை எதிர்ப்பக்கம். வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். நடுவே மணல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் மோட்டார் சைக்கிள்கள். காலடியில் நடப்பவர்கள் கடக்கப் போட்ட புத்தம் புதிய மஞ்சள் வரிகள். எங்கள் ஊரில் வெள்ளையாக இருப்பதை இங்கே மஞ்சள் கடவை என்கிறார்கள். நிறம்தான் வேறு, மதிப்பு ஒன்றுதான். ஒருவரும் நிற்கவில்லை.

“ஓடி வா!” என்று கத்தினாள் மலர்.

ஐம்பது வயதில் ஜரிகை மூட்டையோடு ஓடினேன். கட்டிப்பிடித்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, “பார்த்தியா? பிள்ளையாருக்கு நிக்கிறாங்கள், எனக்கு நிக்கிறாங்கள் இல்லை.”

அன்று மத்தியானம் குளத்து மீன் குழம்பும் கத்தரிக்காயும். கத்தரிக்காய் முற்றிப்போய் விதையாக இருந்தது. விதைகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன். அவளே சொன்னாள்.

“இஞ்ச எல்லாரும் நல்ல சனம். ஆரிட்டச் சொன்னாலும் சந்தையில வாங்கிக் கொண்டு வந்து தருவினம். ஆனா எத்தனை வருஷமா மற்ற ஆக்கள் தெரிஞ்செடுத்த கத்தரிக்காயையே தின்னுறன், தெரியுமே? எனக்கு வேற ஒண்டும் வேண்டாம், கல்யாணி. நானே அங்கால போய், நானே பார்த்து எடுக்க வேணும். அவ்வளவுதான்.”

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும். பிறகு பரீட்சை பற்றிய விளக்கம். சொன்னவர் ரமணன், பிரதேச சபையின் வேலை மேற்பார்வையாளர், முப்பது வயது இளைஞர். இந்தச் சந்திக்கு ஒரு நல்ல கடைத்தெரு செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. மலரின் கடைப் பக்கம் முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்து நடைபாதை போட்டிருந்தார். அவள் வாசலிலிருந்து மஞ்சள் கடவைவரை படியே இல்லாமல் சரிவாக இறங்கியது. நான் அதில் மேலும் கீழும் நடந்து பார்த்தேன். எங்கள் தெருவில் நடைபாதை என்பது டிரான்ஸ்பார்மருக்கும் பூக்காரிக்கும் நிறுத்திய பைக்குகளுக்கும் சொந்தம். நான் இருபது வருடமாகத் தார்ச்சாலையில்தான் நடக்கிறேன். இங்கே ஒரு முழு நடைபாதையும் காலியாகக் கிடந்ததைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

“எல்லாம் தற்காலிகம்தான் அன்ரி” என்றார் ரமணன். “கல்லுக்குக் கீழ சீமெந்து போடேல்லை. வெள்ளிக்கிழமை சபை ஆக்கள் வந்து பார்ப்பினம். பிரயோசனம் எண்டு கண்டா அங்கால பக்கமும் போட்டு நிரந்தரமாக்குவினம். இல்லையெண்டா கல்லைக் கிளப்பி வேற சந்திக்குக் கொண்டு போவினம். அந்தச் சந்தி ஆக்களும் கேட்டுக்கொண்டு நிக்கினம்.”

“வண்டி நிற்கவில்லையே?”

“அதுதான் பிரச்சினை. வேகத்தடை போட அனுமதி வரேல்லை.”

எதிர்க்கட்சி பக்கத்துக் கடையிலேயே இருந்தது. ஹாட்வெயார் கடை நேசன் அண்ணை. பெயருக்கு ஏற்ற மனிதர்தான், எனக்கு உடனே கதிரை போட்டு பிளேன்டீ வரவழைத்தார். ஆனால் நடைபாதை என்றதும் முகம் மாறியது.

“என்ர வாசலில லொறி நிண்டு சாமான் இறக்கினது. இப்ப கல்லுப் பதிச்சிட்டினம். மோட்டார் சைக்கிளில வாறவன் வாசலில நிப்பாட்ட ஏலாட்டி நேரே கிளிநொச்சிக்குப் போயிடுவான். மலரில எனக்கு ஒரு கோபமும் இல்லை, பாருங்கோ. தங்கச்சி மாதிரி. ஆனா ஒராளுக்காக ஒரு தெரு யாவாரம் படுக்கலாமே?”

மலர் தன் கடையிலிருந்தே கத்தினாள். “கேட்குது நேசன் அண்ணை!”

“கேட்கத்தான் சொல்லுறன்!” என்று அவரும் கத்தினார்.

அன்று சாயங்காலம் பருவம் தப்பிய மழை கொட்டியது. தெருவே தலையில் கை வைத்தது. அறுத்த நெல் எல்லாம் நனைந்துவிடுமே என்று கடைக்குக் கடை அதே பேச்சு.

வியாழன் காலை பளீரென்று வெயில். பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டியும் பன்னும் விற்க வரும் பாண் ஓட்டோவின் சத்தத்தில் எழுந்து, சூடாக ஒரு பணிஸ் வாங்கலாம் என்று வாசலுக்கு வந்தேன். நடைபாதையைக் காணவில்லை. ஹாட்வெயார் கடையிலிருந்து மஞ்சள் கடவைவரை கல் கண்ணுக்கே தெரியவில்லை, முழுக்க நெல். சீராகப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து, முனையில் ஒரு பழைய கதிரையைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மரியாதையாக நெல்லைச் சுற்றித் தார்ச்சாலையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நெல்லைக் காலால் துழாவிக் கிளறிக்கொண்டிருந்தவர் பாக்கியம். குத்தகை வயல் செய்கிறவர். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம், அதனால் அவர் பேசியது எங்கள் ஊர்த் தமிழ் மாதிரியே இருந்தது.

“என்னக்கா இது?” மலர் நாற்காலியை நெல்லின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு வந்தாள். “நான் போற வழியெல்லே? நாளைக்குச் சபையால வருகினம்!”

“ஈர நெல்லு மலரு. இன்னிக்கு விட்டா முளைச்சிரும். விடியக்காலம் வந்து பாத்தா, இம்புட்டு அழகா, மேடா, தண்ணி நிக்காம ஒரு களம் போட்டு வச்சிருக்காங்க. நெல்லுக்குன்னுதான் போட்டாங்கன்னு நெனச்சேன்.”

கேலி இல்லை, அந்த அம்மா நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். நேசன் அண்ணை கதவைத் திறந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நடைபாதை எண்டாங்கள், நெல்லுக் களமாப் போச்சு!” சற்று நேரத்தில் ரமணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அள்ளச் சொல்லட்டே அக்கா?” என்று மலரிடம் மெதுவாகக் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தது இதற்காகவா? ஏதாவது சொல்லலாம் என்று திரும்பினால், மலர் நெல்லையே பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடைபாதையில் இடம் போதாமல் பாக்கியம் ஒரு பாய் அளவுக்கு நெல்லைத் தாரிலும் பரப்பியிருந்தார். மணல் டிப்பர் ஒன்று வழக்கம்போலப் பறந்து வந்தது. நெல்லைக் கண்டதும் புஸ்ஸென்று பிரேக் போட்டு, நடுச்சாலைக்கு ஒதுங்கி, மாடு போகிற வேகத்தில் ஊர்ந்து போனது. அடுத்து ஒரு பஸ். அதுவும் அப்படியே. மோட்டார் சைக்கிள்காரர்கூட வேகத்தைக் குறைத்தார்.

“பாக்கியமக்கா” என்றாள் மலர். அவள் குரல் மாறிவிட்டிருந்தது. “நெல்லை அள்ள வேண்டாம். கீழ இறக்குங்கோ. கடவைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். இரண்டு கரையிலயும். நடுவில ஒரு வாகனம் போற இடம் மட்டும் விடுங்கோ.”

ரமணன் ஹெல்மெட்டைக் கழற்றினார். “அக்கா, றோட்டில நெல்லுக் காய விடுறது பிழை. சபை ஆளாய் நிண்டு நான் அதுக்கு ஓம் எண்டு சொல்ல ஏலாது.”

“நீர் சொல்ல வேண்டாம் தம்பி. நீர் போய் தேத்தண்ணி குடியும்.”

ரமணன் போனார். அவர் தேத்தண்ணி குடித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அதற்குள் பாக்கியமும் நானும் சந்தைக்கு வந்த நாலைந்து பெண்களும் கடகங்களில் நெல்லை அள்ளி அள்ளித் தாரின் இரண்டு ஓரமும் கொட்டிப் பரப்பினோம். பாக்கியம் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். திருச்சி என்றேன். “எங்க தாத்தனுக்குத் தாத்தன் அங்கிட்டுத்தான்னு சொல்லுவாங்க. நெல்லை இப்புடி மூட்டமா விடாதீங்க, பரத்தி விடுங்க” என்றார். உறவு கொண்டாட அவருக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை சபை உறுப்பினர்கள் வேனில் வந்து சேர்ந்தார்கள். நெல்லைப் பார்த்ததும் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக்கொண்டார்கள். ரமணன் வானத்தைப் பார்த்தார். மலர் சரிவில் இறங்கி மஞ்சள் கடவையின் விளிம்புக்கு வந்தாள். பழக்கதோஷத்தில் நான் நாற்காலியின் பின்பிடியில் கை வைத்தேன்.

“கையை எடு” என்றாள்.

எடுத்துவிட்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு டிப்பர் வந்தது. இரண்டு பக்க நெல்லையும் கண்டு தூரத்திலேயே வேகம் தணிந்தது. மலர் சக்கரத்தைத் தள்ளிக் கடவையில் இறங்கினாள். டிப்பர் நின்றது. உள்ளே இருந்த உதவியாள் சிங்களத்தில் ஏதோ அவசரப்படுத்தினான். டிரைவர் அவனை அதட்டினார். வேடிக்கை பார்க்க எங்கள் பக்கம் வந்திருந்த தேத்தண்ணிக் கடைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: “ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் நெல், நடுவில ஒரு மனுசி. நான் எங்கே போக? பேசாமல் இரு.”

மலர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். பாக்கியம் இரண்டு கையாலும் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவும் முயலவில்லை. அவள் திரும்பியே பார்க்கவில்லை. நேராகச் சந்தைக்குள் போனாள்.

நானும் ஓடினேன். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி ஒவ்வொன்றாக எடுத்தாள். காம்பைப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள், வெயிலில் திருப்பிப் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். வியாபாரி பொறுத்துப் பார்த்தார்.

“அக்கா, கத்தரிக்காய் வாங்குறியளோ, பொம்பிளை பார்க்கிறியளோ?”

சந்தையே சிரித்தது. மலர்தான் அதிகமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகும் அவள் அவசரப்படவில்லை.

பகல் முழுவதும் வண்டிகள் ஊர்ந்தன. ஊர்கிற வண்டிக்காரன் சும்மா போவதில்லை என்பது அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது. தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸ் மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. முதலில் நின்ற டிப்பர் டிரைவர் திரும்பி வரும்போது நேசன் அண்ணை கடையில் நைலான் கயிறு வாங்கிப் போனார். “தினமும் இந்த வழியாத்தான் போறாராம், இப்பிடி ஒரு கடை இருக்கிறதே தெரியாதாம்” என்று நேசன் அண்ணை என்னிடம் தனியாக வந்து சொன்னார்.

சாயங்காலம் பொதுமண்டபத்தில் கூட்டம். தெரு முழுக்க வந்திருந்தது. எல்லோரும் பேசி முடித்த பிறகு நேசன் அண்ணை எழுந்தார். மலர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “லொறி சாமான் இறக்க விடியக்காலமை நேரம் தாங்கோ. என்ர கடைக்குப் பின்னால காணி கிடக்கு, மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில நிக்கட்டும். கல்லைக் கிளப்ப வேண்டாம்.” உட்கார்ந்தவர் மறுபடி எழுந்தார். “ஆனா, நெல்லுக் காய்ஞ்சு முடிஞ்சா இவங்கள் திரும்பவும் பறப்பாங்கள்.”

எல்லோரும் மலரைப் பார்த்தார்கள், மலர் ரமணனைப் பார்த்தாள்.

ரமணன் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். நெல் கிடந்த அதே அளவுக்கு, அதே வளைவில், வெள்ளை பூசின பெரிய கற்களை அடுக்கிப் பார்க்கலாமாம். அதற்கும் வண்டிகள் நின்றால் நிரந்தரக் கட்டு கட்டலாமாம். சபை தலையாட்டியது. பாக்கியம் கையைத் தூக்கினார். “அப்ப என் நெல்லுக்கு?” சந்தைக்குப் பின்னால் ஒரு களம் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் கையை இறக்கினார்.

சனிக்கிழமை நெல் காய்ந்து மூட்டையாகிப் போய்விட்டது. அன்று முழுவதும் ரமணனும் ஆட்களும் கல் அடுக்கினார்கள். மலர் கடையில் பிளவுஸ்களுக்கு என் ஜரிகை லேஸைத் தைத்துக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே பார்த்தாள்.

ஞாயிறு காலை நான் கிளம்ப வேண்டும். வழியில் சாப்பிட மலர் புட்டும், தானே தெரிந்தெடுத்த கத்தரிக்காயில் ஒரு பொரித்த குழம்பும் வைத்து வாழையிலையில் பார்சல் கட்டினாள். இருவருமாகக் கடவைக்கு வந்தோம். தெரு வெறிச்சென்று இருந்தது, யாருக்காகவும் காத்திருக்காமல் கடந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போனோம். அங்கே போனதும் மலர் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“பார்சலை மெசினுக்கு மேல விட்டிட்டு வந்திட்டன்.”

“நான் போய் எடுத்து வருகிறேன்.”

“நீ நில்லு. நான் எடுத்துக்கொண்டு வாறன்.”

போனாள். கடைக்குள் நுழைந்தாள். அந்த நேரம் பார்த்து என் பஸ் வளைவில் தெரிந்தது. நல்ல வேகம். மலர் மடியில் பார்சலோடு சரிவில் இறங்கிக் கடவைக்கு வந்துவிட்டாள். நெல் இல்லை. வெறும் வெள்ளைக் கற்கள்தான். “மலர், நில்!” என்று கத்தினேன். தேத்தண்ணிக் கடையிலிருந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

பஸ் கற்களைக் கண்டது. வேகம் குறைந்தது. நடுச்சாலைக்கு ஒதுங்கி, ஊர்ந்து, மஞ்சள் வரிக்கு முன்னால் நின்றேவிட்டது. டிரைவர் ஜன்னலால் தலையை நீட்டினார்.

“ஆறுதலா வாங்கோ அக்கா!”

ஆறுதலா என்றால் இங்கே நிதானமாக என்று அர்த்தம். மலர் ஆறுதலாகத்தான் வந்தாள். அந்த மனிதர் சொன்னதைவிட ஆறுதலாக வந்தாள். நடுவில் ஒரு தரம் நின்று, மடியில் இருந்த பார்சலைச் சரிசெய்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.

பார்சலை என் கையில் வைத்தாள். நெற்றி வியர்த்து, முகம் முழுக்கச் சிரிப்பு. கல்லூரி நாளிலிருந்து இவள் எதையும் எங்கேயும் மறந்து வைத்தவள் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தாயா?”

“ஓம்” என்றாள். “நெல்லில்லாமலும் நிக்கிறாங்களோ எண்டு பார்க்க வேணுமே. ஏறு, ஏறு, சனம் பார்த்துக்கொண்டிருக்கு.”

பஸ் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். என்னை வழியனுப்பக் கையாட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மறுபடியும் கடவையில் இறங்கிவிட்டிருந்தாள்.

ஓமந்தை வருவதற்குள் பார்சலைப் பிரித்துவிட்டேன். அத்தனை நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்த கத்தரிக்காயில் ஒரு துண்டு கசந்தது. அதையும் தின்றேன்.